நத்தமேட்டில் சாலை அகலமான விதம்

நகராட்சி சேர்மன் பழனிவேல் சிங்கப்பூருக்கு ஆய்வுப் பயணம் போன வாரத்தில், நத்தமேடு கூட்டுரோட்டில் நெடுஞ்சாலை ஒரு கண்டெய்னர் லாரியின் நீளத்துக்கு அகலமானது. யாரும் தோண்டவில்லை, தார் கொட்டவில்லை, ஓரத்துக் கடை எதையும் இடிக்கவில்லை. காலையில் டீக்கடையின் ஷட்டரைத் தூக்கிய அலமு, எதிர்ச்சாரியில் பரோட்டா மாவு பிசைகிறவனின் முகம் தெரியவில்லை என்று பார்த்து, தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுசெய்து தண்டலத்துக்குப் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். கண்ணாடி போட்ட பிறகும் பரோட்டாக்காரன் தூரத்திலேயே இருந்தான். புதிதாகச் சேர்ந்த தார்ப்பரப்பு புதிதாகவும் இல்லை. அதில் பழைய எண்ணெய்க் கறை இருந்தது, தேய்ந்த வெள்ளைக் கோடு இருந்தது, ஒரு பள்ளமும் இருந்தது.

பயணத்துக்குக் காரணம் இசைவாணி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் நின்ற பெண். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் அந்தச் சாலைக்குக் கிழக்கே பெண்கள் ஹாஸ்டல்களும் வாடகை அறைகளும் இருந்தன. கம்பெனி பஸ் நிற்கும் இடம், ஆஸ்பத்திரி, நகராட்சி அலுவலகம், சேர்மன் வீடு எல்லாம் மேற்கே. நடுவில் ஆறு லேன், சிக்னல் கிடையாது. ஷிப்டு விட்டு வரும் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி கோத்துக்கொண்டு, ஓரத்தில் நிற்பவள் லாரிகளுக்குக் கையைக் காட்ட, ஒரே மூச்சில் ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒரு மாலையில் கோத்த கை நழுவி, புதுக் கார்களை அடுக்கி ஏற்றிவந்த டிரெய்லரில் இசைவாணி அடிபட்டுச் செத்தாள். அவள் கையைப் பிடித்திருந்தவள் பாண்டிச்செல்வி, அதே ஊர்க்காரி, ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். டிரெய்லர் கடந்த பிறகு பாண்டிச்செல்வியின் கையில் இசைவாணியின் ஐடி கார்டுக் கயிறு மட்டும் இருந்தது.

பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சேர்மன் பழனிவேல் செருப்பைக் கழற்றிப்போட்டு அவர்களோடு உட்கார்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "பாலம் கட்டிக் குடுத்துடறேம்மா," என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னார். "ஏனோதானோன்னு கட்ட மாட்டேன். உலகத்துலயே எது பெஸ்ட்டா கீதோ, அத்த நேர்ல பாத்துகினு வந்து கட்டறேன்." பாண்டிச்செல்வி, "சாதாரணப் பாலம் போதும் சார். ஏறி எறங்க ரெண்டு பக்கமும் படி இருந்தா போதும்," என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்தார். வாட்ஸப்பில் சுற்றிய வீடியோ அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

நகராட்சிக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, சேர்மனும் கவுன்சிலர்களில் சிலரும் பொதுச் செலவில் சிங்கப்பூர் போனார்கள். பூந்தொட்டி வைத்த நடைபாலங்களில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஹாஸ்டல் பெண்களுக்குச் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். படங்கள் கூட்டுரோட்டில் பெரிய திரை வைத்துக் காட்டப்பட்டன. ஆனால் பொறியாளர்கள் கணக்குப் போட்டபோது, அங்கே பார்த்த பாலம் எதுவும் இப்போதிருக்கும் சாலைக்கு எட்டாது என்று தெரிந்தது. ஆகவே இன்னும் நீளமான பாலத்தைப் பார்க்க ஜப்பான் போனார்கள். அவர்கள் ஜப்பானில் இருக்கும்போது சாலை மறுபடி அகலமானது. ஜப்பான் பாலமும் போதவில்லை. அதற்குப் பிறகு ஸ்பெயின், அதற்குப் பிறகு கனடா. அளவுச் சங்கிலி வைத்து அளக்க வந்தவர்கள் நடந்து நடந்து களைத்து, ஆவணப்படி சாலையின் அகலத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருடங்களில் கடக்கிறவர்களின் பழக்கம் மாறியது. முதலில் பெண்கள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினார்கள். அப்புறம் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் சோற்று டப்பாவும் குடையும். மழைக்காலத்தில் கிழக்கே தூறிக்கொண்டிருக்கும்போது மேற்கே வெயில் அடித்தது. லேட்டாக வந்தவர்களுக்குக் கம்பெனி அரை நாள் வெட்டியது. சூப்பர்வைசரிடம் சாலை நீண்டுபோச்சு என்று சொன்னால், அவர் மேற்குப் பக்கத்துக்காரர், சாலை எப்போதும் போலத்தானே இருக்கிறது என்றார். ஆட்டோவில் போகலாம் என்றால் யூ-டர்ன் எடுக்கும் இடமும் விலகி விலகிப் போய், திரும்பப் போனவர்கள் சாயங்காலம் வாலாஜாபாத்திலிருந்து போன் செய்தார்கள். நடுவில் அரளிச் செடி வைத்திருந்த மீடியனும் சாலையோடு சேர்ந்து அகலமானது. அலமு டீ கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து கடை போட்டாள். "எதிர்ல எதிர்லன்னு இருந்தா வியாபாரம் எங்க நடக்குது? நான் நடுவுல குந்திக்கினேன். ரெண்டு பக்கத்து ஜனமும் வந்துதானே ஆவணும்," என்று சொன்னாள்.

அந்தக் கடையில்தான் பாண்டிச்செல்வி மாரிசெல்வத்தைப் பார்த்தாள். மேற்கே பிரேக் பாகம் செய்யும் பட்டறையில் வேலை, ஊர் சங்கரன்கோவில். கிழக்கே போகிறவளும் மேற்கே போகிறவனும் பாதி வழியில் களைத்து உட்காருகிற இடம் அது ஒன்றுதான். கல்யாணம் முடிந்து கிழக்கே ஒரு அறை எடுத்தார்கள். முதலில் அவன் தினமும் வந்தான். ஸ்பெயினுக்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தான். கனடாவுக்குப் பிறகு மேற்கேயே நான்கு பேரோடு ஒரு அறையில் தங்கிக்கொண்டு, லீவு நாளில் இருவரும் மீடியன்வரை நடந்துவந்து பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்களைப்போல அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அவன் இருந்ததோ எதிர்ச்சாரியில்.

சேர்மன் போனால்தான் சாலை வளர்கிறது என்பது கடக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பாண்டிச்செல்வி மனு எழுதிப் போட்டாள். பாலம் தொடர்பாகச் சேர்மன் பயணத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில், நாட்டின் பெயர் மட்டும் வேறு. ஒருமுறை திரும்பிவந்த கையோடு அவரைப் பிடித்துக் கேட்டும் பார்த்தாள். "நீங்க போகாம இருந்தாலே போதும் சார்," என்றாள். அவர் வருத்தப்பட்டார். "நான் போவாங்காட்டி பாலம் எப்டிமா வரும்?" என்றார். அவள் வந்த வழியே கிழக்கே திரும்பி நடந்தாள். ராத்திரி அறையில் சட்டியைப் போட்டு நசுங்கும்வரை அடித்தாள்.

சேர்மன் பிரேசில் போகப்போகிறார் என்று பேப்பரில் வந்தபோது பாண்டிச்செல்விக்கு நிறைமாசம். போகவிடக்கூடாது, அவர் கார் முன்னால் படுத்துவிடுவோம் என்று ஹாஸ்டல் பெண்களைக் கூட்டினாள். "நீ எதுக்குட்டி வயித்தத் தூக்கிட்டு வார?" என்று தடுத்தார்கள். "ஆஸ்பத்திரி அந்தப் பக்கந்தான இருக்கு? எப்படியும் கடக்கணும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடியட்டும்," என்றாள். விடியும்போது கிளம்பினார்கள். கைகளைக் கோத்துக்கொண்டு, லேன் லேனாக, லாரி ஓட்டுகிறவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். மீடியனைத் தாண்டி, நகராட்சிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது, தலைக்கு மேலே விமானம் ஒன்று சென்னைப் பக்கமிருந்து தாழ்வாக ஏறிப் போனது. அவர் முந்தின நாளே விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்குப் போய்த் தங்கிவிட்டது அவர்களுக்குத் தெரியாது. கால்களுக்குக் கீழே தார் இழுபட்டது. வலியில்லை, பாய் உருவுவது போலத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டி சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல்போனது. பெண்கள் மறுபடியும் அரளிச் செடிகளுக்கு நடுவில் நின்றார்கள். பாண்டிச்செல்விக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஆம்புலன்ஸ் எதிர்த் திசை லேனில் சைரன் போட்டு வந்து, அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு யூ-டர்ன் தேடிப் போனது. பெண்கள் துப்பட்டாக்களை முடிந்து சுற்றி மறைப்புக் கட்டினார்கள். அலமு கேனில் இருந்த டீயைக் கொட்டிவிட்டு வெந்நீர் போட்டாள். மேற்கே சேதி கேட்ட மாரிசெல்வம் பட்டறை உடையோடு ஓடிவந்தான். அவன் ஓட ஓடச் சாலை இன்னும் நீண்டுகொண்டிருந்தது, ஏனென்றால் விமானம் இன்னும் தரையிறங்கியிருக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து, பால் குடித்து, தலைமுடி காய்ந்திருந்தது. "பொட்டப்பிள்ள மச்சான். இவ்வளவு நேரமாயா?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள். அவன் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குழந்தைக்குக் கனிஷ்கா என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கிழக்கே போனால் ஆஸ்பத்திரியும் வேலையும் மேற்கே விட்டுப்போகும், மேற்கே போனால் குடும்பத்துக்கு அறை கிடைக்காது. பிரேசிலுக்குப் பிறகு மீடியன் ஒரு தெரு அளவுக்கு இருந்தது. தகரம் வாங்கிப் போட்டு அங்கேயே குடியிருந்தார்கள். கடந்து கடந்து சலித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் தகரம் போட்டார்கள். பாண்டிச்செல்வியின் வேலை போய்விட்டது. அலமுவோடு சேர்ந்து இட்லி சுட்டாள். கதவு எண் இல்லாததால் கரண்ட் கொடுக்கவில்லை, ஆனால் தேர்தலின்போது ஓட்டுக் கேட்டு நோட்டீஸ் வந்தது.

கிழக்குப் பகுதியின் நிலைமையைச் சேர்மன் ஒருமுறையாவது நேரில் பார்த்தாரா என்று எதிர்க்கட்சி கவுன்சிலர் கூட்டத்தில் கத்தினார். நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, நத்தமேடு சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு ஆய்வுப் பயணம் போகத் தீர்மானம் நிறைவேறியது. பயணப்படி, தங்கும் செலவு எல்லாம் வெளிநாட்டுக்கு உள்ளது போலவே. மாலை போட்டு, மேளம் வைத்து வழியனுப்பினார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி ஒவ்வொரு லேனாக நிறுத்த, சேர்மனும் கவுன்சிலர்களும் கூடாரம் சுமந்த ஆட்களும் நடந்தார்கள்.

அவர்கள் மீடியனுக்கு வந்து சேர்ந்தபோது கனிஷ்கா பேச ஆரம்பித்திருந்தாள். பழனிவேல் இளைத்து, தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்திருந்தார். பாண்டிச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தட்டில் இட்லி வைத்தாள். அவர் பசியோடு சாப்பிட்டார். கவுன்சிலர்கள் தகர வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எதிர்ச்சாரி இன்னும் எம்மாந்தூரம் கீதுமா?"

"நீங்க நடந்தா தூரந்தான் சார். நீங்க நின்னா அதுவும் நின்னுரும்."

அவர் கவுன்சிலர்கள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. ஜப்பான் போய்ட்டு வந்தப்பவே தெரிஞ்சுகினேன்."

இத்தனை வருடமாக அவர் தெரியாமல் செய்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். சட்னிக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "பின்ன ஏன் சார் போறிய? நாங்க நாயா அலையுதோம். எம்புருசன் முகத்தப் போன்ல பாத்துகிட்டுக் கெடந்தேன். இசைவாணி அம்மா வருசா வருசம் பஸ் ஏறி வருது, மக செத்த எடத்துல பூப் போட. அந்த எடம் எங்கன்னு எனக்கே தெரியல. இழுபட்டு இழுபட்டு எங்க போச்சோ. ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

பழனிவேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது, இதுவும் உண்மைதான். "நின்னுட்டேன்னு வெச்சுக்கோ," என்றார், "அப்போ இத்தினி வருசம் போனதெல்லாம் இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. எங்கிட்ட அதுக்குப் பதில் இல்லம்மா."

அவள் எதையாவது சொல்லியிருப்பாள். அதற்குள் போலீஸ்காரர் விசில் ஊதினார், அடுத்த லேன் நின்றது. சேர்மன் எழுந்து, கையைக் கழுவி, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிழக்கே நடந்தார்.

அந்தக் குழு இன்றுவரை எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பயணத்தை நீட்டித்துத் தீர்மானம் போடுகிறார்கள், அது ஒருமனதாக நிறைவேறுகிறது. கிழக்கே இருப்பவர்கள் முதலில் வரவேற்புக்கு வாழைமரம் கட்டினார்கள், பிறகு கட்டுவதில்லை. மீடியனில் இப்போது ஒரு மளிகைக்கடையும் பால்வாடியும் இருக்கின்றன. குன்றத்தூரில் அறை தேடி அலுத்த புதுப் பையன்கள்கூட அங்கே வாடகைக்கு வருகிறார்கள்.

சேர்மன் மீடியனிலிருந்து கிளம்பிப்போன அன்று மத்தியானம் காலடியில் தார் மெதுவாக இழுபட்டது. குடத்தில் தண்ணீர் தளும்பியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் துணி காயப்போடக் கட்டியிருந்த கொடி இறுகி விண்ணென்று நின்றது. பாண்டிச்செல்வி போய், கொடியின் ஒரு முனையை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் கயிறு விட்டுக் கட்டினாள்.