அக்குள் சூட்டில் பிறந்த கன்றுகள்

நாற்பது கன்றுக்குட்டிகளை அக்குளில் அடைகாத்துப் பிறக்க வைத்தவன் நான். நேற்று புது மருமகளிடம் இதைச் சொன்னபோது, சாப்பாட்டு மேசையின் மறுகோடியிலிருந்து என் மச்சான் இருமினார்.

"ஆரம்பிச்சிட்டாரு. அத்தான் வாயிலிருந்து புறப்பட்ட மாடு கொட்டகைக்குத் திரும்பினதே இல்லம்மா."

அவர் கிடக்கட்டும். நான் அப்போது கால்நடை மருத்துவர். இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் பொலி காளைகளைச் சோதித்து, இனவிருத்திக்குத் தேறுமா தேறாதா என்று சொல்வேன். தேறாத காளைக்கு அன்றைக்கே கசாப்பு லாரி. அந்த லாரியை ஓட்டியவர் இதே மச்சான்.

அந்த மார்கழிக் காலையில் சோதிக்க வேண்டிய காளையின் பெயர் மாப்பிள்ளை. அது கொட்டகைக்குள் நுழைந்தால் மற்ற மாடுகள் மூச்சு விட வெளியே போக வேண்டும். பண்ணைக்காரம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. வேறு காளை வாங்க அவருக்கு வழியில்லை.

"இவன் லாரி ஏறிட்டா இந்த வருஷம் என் பண்ணையில ஒரு கன்னு விழாது டாக்டர்."

கண், குளம்பு, நடை எல்லாம் பார்த்தேன். விதைப்பையைச் சுற்றி அளக்க டேப் போதாமல் என் இடுப்பு பெல்ட்டையும் முடிச்சுப் போட்டேன். பிறகு பின்பக்கம் கருவியைச் செலுத்தி, பேட்டரி மின்சாரத்தை மெல்ல ஏற்றி, விந்தைக் குழாயில் பிடித்தேன். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கடையடைப்பு நாள் தெரு! ஓர் அசைவில்லை.

பண்ணைக்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். மச்சான் லாரியின் பின்கதவைத் திறந்தார்.

அப்போதுதான் கண்ணாடியைத் தொட்டேன். பனிக்கட்டி. சில்லிட்ட கண்ணாடியில் விழுந்தால் விந்தணு அப்படியே விறைத்துவிடும். அதற்காகத்தான் சூட்டுத் தட்டு வைத்திருப்போம். தட்டின் ஒயர் தரையில் கிடந்தது. அது இருந்த பிளக்கில் மச்சானின் கெட்டில்.

"யாருய்யா இதைப் பிடுங்கினது?"

"ஒரு வாய் டீ அத்தான்..."

பாய்ந்து இழுத்தேன். கெட்டில் கவிழ்ந்தது, பிளக் நனைந்தது, ஃபியூஸ் போனது. இருந்த வெந்நீரும் தரையோடு போயிற்று.

"இன்னொரு தடவை பாத்திருங்க டாக்டர்," என்று பண்ணைக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பதாம்மா," என்றேன் மருமகளிடம், "கண்ணாடியையும் குழாயையும் என் அக்குள்ல சொருகினேன். நமக்கு அடுப்பு மாதிரி உடம்பு."

"நீங்களா?" என்றாள் என் மனைவி. "உங்க கால் பட்டா போர்வைக்குள்ள எனக்குத் தூக்கிவாரிப் போடுது."

காதில் போட்டுக்கொள்ளாமல் தொடர்ந்தேன். மறுபடி எடுத்த சொட்டைச் சூடான கண்ணாடியில் விட்டேன். படம் விட்ட தியேட்டர் வாசல்! அலை அலையாக நெட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. மாப்பிள்ளை தேறினான். பண்ணைக்காரம்மா அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். லாரி காலியாகப் போயிற்று.

"நடக்கவே இல்ல," என்றார் மச்சான், தட்டைப் பார்த்தபடி. இத்தனை வருஷமாக இதே பாட்டு.

"முதல் கன்னுக்கு என் பேரைத்தாம்மா வெச்சாங்க," என்றேன் நான்.

மச்சானின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது.

"யார் பேரை? என் பேரை வெச்சாங்க! உங்க அக்குள் ஐஸ் பெட்டி மாதிரி இருக்குன்னு என் சட்டையைக் கழட்ட வெச்சீங்க. ரெண்டு பக்கமும் கண்ணாடியைச் சொருகி, இறக்கை ஒடிஞ்ச கோழி மாதிரி நிக்க வெச்சீங்க. என் லோடுக்கு நானே ஆப்பு வெச்சுக்கிட்டு நின்னேன்!"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் தன் கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருப்பதைக் கவனித்து, மெதுவாகப் பிரித்தார்.

"சரி, நடந்துச்சும்மா," என்றார். "டீதான் கடைசிவரைக்கும் கிடைக்கல."