தூங்கவைத்த வரி

அண்ணனிடம் எப்போதாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறோமா? எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் அகப்படவில்லை. எந்தப் படிப்பு, யாருடன் கல்யாணம், எந்த வீட்டில் குடியிருப்பது, எல்லாவற்றுக்கும் 'சரிண்ணா'தான். இன்று காலையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணனின் கம்பெனி சலவைக்கூடங்களுக்குப் பெரிய இஸ்திரி இயந்திரங்கள் செய்து விற்றது. கொதிக்கும் உருளைக்குள் ஈரவிரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். அதற்குள் ஓடும் மென்பொருள் அவள் எழுதியது. எவ்வளவு சூடு, என்ன வேகம் என்பதை ஒரு சிறிய கோப்பிலிருந்து அது வரிவரியாகப் படித்துக்கொள்ளும். ஒரு ஹோட்டலில் யாரோ சூட்டுக்கான வரியின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டார்கள். சின்ன எழுத்து மட்டுமே தெரிந்த மென்பொருள் அந்த வரியை முகம் திருப்பிக்கொண்டு கடந்து, தன் இஷ்டத்துக்குச் சூடேற்றியது. மெல்லிய விரிப்புகள் அத்தனையும் கருகின.

பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி திருத்தியாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி; அனுப்பினால் எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் போகும். அதற்கான கடவுச்சொல் அவளிடம் மட்டும் இருந்தது.

"நாலு வரி திருத்த இவ்வளவு நேரமா? இந்நேரம் பிள்ளை பிறந்து பேரே வெச்சிருப்பாங்க," என்றான் அண்ணன், கண்ணாடித் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து.

"மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேண்ணா."

ஊர் ஊராகப் போய் இயந்திரங்களைப் பொருத்தித் தரும் மெக்கானிக் ஃபோனில் சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தார். "உங்க மென்பொருளுக்கு ரொம்பத்தான் கர்வம் மேடம். ஒரு எழுத்து தடிச்சா ஆளையே தெரியாதுங்குது."

"இனிமே தெரியும். எப்படி எழுதினாலும் படிச்சுக்கும்."

மெக்கானிக்கின் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்போ நாங்க தூங்கவெச்ச வரியெல்லாம் முழிச்சுக்குமே."

"என்ன வரி?"

"கரண்ட் போய்த் திரும்ப வந்தா உருளை தானா ஓடும்ல, அந்த வரி. முதல் எழுத்தைப் பெரிசாக்கி விட்டுடுவோம். படிக்காது, ஓடாது."

"வேண்டாம்னா வரியை எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தா அடுத்து வர்ற ஆள் கையேட்டைப் பார்த்து, விட்டுப்போச்சேன்னு எழுதிடறான். 'இல்லை'ன்னு போட்டாலும் மாத்திடறான். எழுத்து பெரிசா இருக்கிறதை எவன் பார்க்கறான்?" குரல் தணிந்தது. "ஒரு ஆஸ்பத்திரியில கரண்ட் போனப்ப, சிக்கின விரிப்பை ஒரு அம்மா கையால இழுத்துக்கிட்டிருந்தாங்க. திடீர்னு கரண்ட் வந்து உருளை ஓடிடுச்சு. ரெண்டு விரல் மேடம். அதுக்கப்புறம் எங்க போனாலும் நாங்க முதல்ல பண்றது இதைத்தான். ஏன், அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"

ஃபோனை வைத்தபின் தன் விரல்கள் விசைப்பலகைமேல் கிடப்பதைப் பார்த்தாள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது அண்ணன்தான். சரிண்ணா என்று சேர்த்தது இந்த விரல்கள். அந்த அம்மாவுக்கு எந்தக் கை என்று கேட்காமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

அண்ணன் வந்து நின்றான். அவள் சொன்னதை முழுவதும் கேட்டான்.

"அது பழைய கதைம்மா. வைத்தியமெல்லாம் நாமதான் பார்த்தோம்."

"எனக்கு ஏண்ணா சொல்லலை?"

"சொன்னா நீ ராத்திரியெல்லாம் அழுதுக்கிட்டிருப்பே. இன்னிக்கே திருத்தம் போயாகணும், இல்லேன்னா புது ஆர்டர் கிடையாதுங்கறான் ஹோட்டல்காரன். நீ அனுப்பு. மெக்கானிக்குங்க பின்னாடியே போய்ச் சரிபண்ணிடுவாங்க."

"அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள எங்கேயாவது கரண்ட் போய் வந்தா?"

"உடனே நடந்துடுமா? எதுக்கெடுத்தாலும் கெட்டதையே நினைக்காதே."

வழக்கமான சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"முதல்ல அவங்க எல்லா இடத்துக்கும் போய் அந்த வரியை எடுக்கட்டும். கையேட்டையும் மாத்தணும். அதுவரைக்கும் அனுப்ப மாட்டேன்."

"நான்தானே சொல்றேன்?"

"மாட்டேண்ணா."

அவன் நகரவில்லை. அவள் அடுத்த மெக்கானிக்கின் எண்ணைத் தேடி எடுத்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டாள்.