தம்பிராஜாவின் பத்திரமான கணினி

குண்டசாலையில் குடியிருக்கும் தம்பிராஜா, மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்ட நாளிலிருந்து அதற்குள் எவராலும் நுழைய முடியாது என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு சனிக்கிழமை புதுப் பிரிண்டரை இணைக்கப் போனபோது கணினி, அவரே முன்பு வைத்த நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டது. அது அவருக்கு மறந்துவிட்டது. மத்தியானம் வரை ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார், மனைவியின் பெயர் உட்பட.

“தள்ளுங்கோ, நான் பாக்கிறன்,” என்றார் மனைவி கோசலா. அவர் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவர். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டு, தொடக்கத்தில் வந்த பட்டியலில் மீட்பு முறையைத் தெரிந்தெடுத்து, இரண்டு கட்டளைகளில் புதிய கடவுச்சொல்லை வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பிராஜாவின் முகம் வாடிப்போயிற்று.

“பழைய பாஸ்வேர்டை அது கேக்கவே இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப ஆரும் இப்பிடிச் செய்யலாமோ?”

“ஓம். கம்ப்யூட்டர் கையில கிடைச்சால் காணும்.”

தம்பிராஜா பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சற்று நேரத்தில் திரும்பி வந்து அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கோசலாவிடம் நீட்டினார்.

“இதை நீரே வச்சிரும். எங்க வச்சனெண்டு நான் மறந்துபோடுவன்.”