நாலாவது ஆள்

திங்கட்கிழமை எனக்குக் கஸ்டமர் கேர் வேலைக்கான தேர்வு. சாட்டில் தடுமாறாமல் இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும். பழகுவதற்காக, முன்பின் தெரியாதவர்களோடு சாட் செய்யும் ஆப்பில் இன்று சேர்ந்தேன். பத்துக் கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் மூன்று பேரும் ஹலோ முடிந்ததுமே போட்டோ கேட்டார்கள். அற்பங்கள். நாலாவது ஆள் ஒழுங்கான இங்கிலீஷில் எழுதினான். நான் தாராவி என்றதும் தமிழுக்குத் தாவிவிட்டான்.

"நம்மாளா? சொந்த ஊரு எது?"

"நாங்குநேரி பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

முகமே தெரியாதவனுக்கும் சாதி தெரிந்தாக வேண்டும். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத தெருவின் பெயரை என் விரலும் டைப் செய்யத் தொடங்கியதுதான் கேவலம். அழித்துவிட்டு, இங்கிலீஷிலேயே ஏழு வரி திட்டினேன். எங்கும் தடுமாறவில்லை. பிழை இருக்குமோ என்று சந்தேகம்தான். ஆனால் அதை மாலை இங்கிலீஷ் வகுப்பு கிளாரா மிஸ்ஸிடம் காட்டித் திருத்த முடியாது.