வெள்ளைக் கோடு எந்தப் பக்கம்

பாலகுமார் வீட்டு டிவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உயிரை விட்டது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. படம் வரவில்லை.

பாலகுமார் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்றான். வடலூர்க் கடையொன்றில் சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பழையதின் மேல் அவனுக்கு மனம் ஒட்டவேயில்லை. சுரங்கத்தில் கன்வேயர் மோட்டார்களைப் பராமரிக்கிற எலக்ட்ரீஷியன் அவன். ஷிப்ட் முழுக்க ஆள் உயர மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குப் படமாவது பெரிதாகத் தெரியட்டுமே என்பது அவன் கட்சி.

அவன் மனைவி உமாராணிக்கு அப்போது வேறொரு பைத்தியம் பிடித்திருந்தது. மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து ரிப்பேர் வேலை பழகிக்கொண்டிருந்தாள். செத்துக் கிடந்த கொசு மட்டை அவள் கையால் பிழைத்தது. எமர்ஜென்சி விளக்கும் எரிந்தது. அந்தத் தைரியத்தில் ஈயப் பற்று வைக்கிற சால்டரிங் அயர்ன் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து எது கெட்டுப்போகும் என்று குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் டிவியே வந்து மாட்டியது.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே தேங்கிய கரண்டு வடியட்டும் என்று மத்தியானம் வரை காத்திருந்தாள். பிறகு டிவியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துப் பின்மூடியைக் கழற்றினாள். பவர் போர்டில், கரண்டைத் தேக்கிவைக்கிற கெப்பாசிட்டர்கள் இரண்டு பூரி மாதிரி தலை உப்பி நின்றன. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, வடலூர் டிவி கைநழுவிவிடுமோ என்று பாலகுமார் பயந்தான். ஈயத்தைச் சூடாக்கி இரண்டையும் பிடுங்கி எடுத்தாள். ஒன்றைக் காகிதத்தில் மடித்து அவன் சட்டைப்பையில் போட்டு, மாதிரிக்கு இதைக் காட்டி இரண்டு வாங்கி வரும்படி மந்தாரக்குப்பத்து உதிரிபாகக் கடைக்கு அனுப்பினாள்.

போனவன் வெறுங்கையோடு திரும்பினான். அந்த மாதிரி இப்போது வருவதேயில்லையாம், கம்பெனியே நிறுத்திவிட்டதாம் என்றான். புது டிவிக்கு எங்கே ஆணி அடிப்பது என்பதையும் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

மறுநாள் காய்கறி வாங்க மந்தாரக்குப்பம் போன உமாராணி, அப்படியே அந்தக் கடைப் படியும் ஏறினாள். கடைக்காரர் நெடுமாறனிடம் இன்னொரு உப்பின கெப்பாசிட்டரைக் காட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதே கண்டன்சரைத்தாங்க நேத்து ஒரு சார் எடுத்துக்கினு வந்தாரு. நான் எடுத்து வெச்சா வாணாம்னுட்டாரு. லேடீஸ் யாராவது வந்து கேட்டா இல்லன்னு சொல்லிடுங்கன்னும் சொல்லிட்டுப் போனாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுதான் சொன்னேங்க. ஆனா வந்த வியாபாரத்தை எப்புடிங்க இல்லன்றது?" என்று டப்பாவைத் திறந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்து பாலகுமார் வீட்டுக்கு வந்தபோது உமாராணி டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு புதுக் கெப்பாசிட்டர்களையும் நிறுத்தி வைத்தாள். அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு, அவள் கேட்காமலேயே எழுந்து போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தான்.

உமாராணி போர்டின் மேல் குனிந்து உட்கார்ந்தாள். கெப்பாசிட்டருக்கு இரண்டு கால். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிற கால் மைனஸ். மாற்றி வைத்துக் கரண்டு கொடுத்தால் வெடிக்கும். அதெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் பழையதைப் பிடுங்கிய ஆவலில், கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் கவனிக்க மறந்திருந்தாள். ஒன்றைச் சரியாகப் பொருத்திவிட்டு, இரண்டாவதைத் திருப்பிச் செருகினாள்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பாலகுமாருக்கு அது பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். படார் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் வடலூர். பாவம், நீயும் எவ்வளவோ முயற்சி பண்ணினாய் என்று ஆறுதல்கூடச் சொல்லலாம். அவள் ஈயக் கம்பியை எடுத்தாள். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, மூக்கு போர்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். கரண்டு கொடுக்கும்போதும் இப்படித்தான் குனிவாள்; வெடித்தால் அந்த மூக்குக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும்.

"உமா, நில்லு. வெள்ளைக் கோடு அந்தப் பக்கம் வரணும்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். போர்டில் அச்சடித்திருந்த குறியை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள்.

"பேசாம இருந்திருந்தா உங்களுக்குப் புது டிவி கிடைச்சிருக்குமே."

"கிடைச்சிருக்கும்தான். அப்புறம் அதைப் பாக்க நீ வேணும்ல."

உமாராணி கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்தாள். ஆனால் சூடு வைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது. சிரிப்பு அடங்கும் வரை இருவரும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

மூடியைப் பொருத்திக் கொஞ்சம் தள்ளி நின்று சுவிட்சைப் போட்டார்கள். படம் வந்தது. பாலகுமாருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்படியும் தான் ஏன் இப்படிக் கை தட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் அவன் இந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னான். நாங்கள்தான் சரிசெய்தோம் என்று பன்மையில் சொன்னான். கடைக்காரர் பகுதியை மட்டும் விட்டுவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த கலைச்செல்வன், தன் வீட்டிலும் ஒரு டிவி கெட்டுப்போய்ப் பரணில் கிடக்கிறது, புதிது வாங்கியாகிவிட்டது, இடத்தை அடைக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றான்.

எவ்வளவு பெரிது என்று பாலகுமார் கேட்டான். கலைச்செல்வன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், அப்படியும் போதவில்லை.

அன்று மாலை ஒரு ஆட்டோவில் அந்த டிவி வந்து இறங்கியது. கதவில் இடிக்காமல் அதை உள்ளே கொண்டுவர இருவரும் படாதபாடு பட்டார்கள். கட்டிலில் போட்டபோது தலையணைக்குக்கூட இடமில்லை. உமாராணி பின்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். கெப்பாசிட்டர் ஒன்றுகூட உப்பவில்லை. எல்லாம் ஒழுங்காக நின்றன.

"இது வேற வியாதிங்க" என்றாள். குரலில் அப்படியொரு குஷி.

பாலகுமார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அன்றிரவு இருவருக்கும் புரோட்டா பார்சல்தான்.