மெய்ப்புப் பார்த்த வறுவல்

உண்ணி கடித்தது புருஷனை. நிம்மதி போனது மனைவிக்கு. நிலம் அளக்கப் போன இடத்தில் மிளகு அளவு உண்ணி ஒன்று அவர் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. அதிலிருந்து நாலுகால் பிராணியின் கறி, கொழுப்பு, எலும்புப் பசை எதுவுமே ஆகாது. வியாதிக்கு ஆல்ஃபா-கால் என்று பெயர். தின்றதும் தெரியாது, நாலைந்து மணி நேரம் கழித்து உடம்பு தடிக்கும், உதடு வீங்கும்.

அவளோ பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். பிழை தப்பக்கூடாதென்று கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் படிப்பவள். உணவுப் பொட்டலங்களையும் அப்படியே படித்து, சரியென்றால் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டாள். சூப்புப் பொடி உறையிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி, கம்பெனிக்கே தபாலில் அனுப்பிய மகராசி. அவள் கையெழுத்தில்லாமல் அவர் பற்பசையைக்கூடத் தொடமாட்டார்.

அப்படியும் மூன்றே வாரத்தில் இரண்டு முறை உதடு வீங்கியது. அடுத்த தடவை தொண்டையே அடைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வெளியே எங்கேயோ கறி தின்னுட்டு வர்றீங்க. உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா."

அவள் நம்பவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். பயம் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் மறுபடி படித்தாள். அவர் அவ்வப்போது கொறிக்கும் உருளைக்கிழங்கு வறுவலில் கண் நின்றது. 'சமையல் கொழுப்பு.' எண்ணெயாக இருக்கும் என்று விட்டிருந்தாள். எதன் கொழுப்பு?

கம்பெனிக்குப் போன் போட்டாள். மூன்று பேர் கைமாறி, நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள்.

"கொழுப்புன்னா என்ன கொழுப்பு? மறைக்காம சொல்லுங்க."

"மேடம், பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்களேன்."

திருப்பினாள். உள்ளங்கை அகல எழுத்தில், 'அசல் மாட்டுக் கொழுப்பில் பொரித்தது!' கீழே கொழுகொழுவென்று ஒரு மாடு சிரித்துக்கொண்டிருந்தது. பொடி எழுத்திலேயே கண்ணைத் தேய்ப்பவர்களுக்குக் கொட்டை எழுத்துத் தெரியாது. அந்தத் தொழிலின் சாபக்கேடு. மாட்டின் நெற்றியிலேயே அவள் கையெழுத்து.

பொட்டலத்தோடு புருஷனிடம் ஓடினாள். விஷத்தையும் கொடுத்துவிட்டு, அந்த மனுஷனைப் பொய்யன் என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, இந்த மாடு உங்க கண்ணுல படவே இல்லையா?"

"முதல் நாளே பட்டுச்சு."

"அப்புறம் எதுக்குத் தின்னீங்க?"

"நீ சரி பார்த்ததைத் தப்புன்னு சொன்னா வீடு ரெண்டாயிடுமே," என்றார் அவர். "உதடு வீங்கினா மூணு நாள்ல வடிஞ்சிடும்."