நீண்டால் குனியும் எலும்பு

மூன்றாவது தடவை விழுந்தால் வண்டி கையை விட்டுப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அவள் மலைமேல் உள்ள வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து வரும் நர்ஸ். பஸ் பாதி வழியோடு நின்றுவிடும். மீதிக்குச் சுகாதார நிலையம் கொடுத்த மோட்டார் சைக்கிள்தான். அதுவோ ஒட்டகம். ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொடும். ஆள் குட்டை என்பதால் வீட்டிலும் வேலையிலும் அவளுக்கு 'முக்கால்' என்றே பெயர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நிறுத்தும்போதுதான் வினை. போன வாரம் விழுந்ததில் தடுப்பூசிப் பெட்டி உடைந்தது.

"நாளைக்குக் காலையில வாசல் மேட்டுல நிறுத்தி, மறுபடி எடுத்து, உள்ளே வந்து ஸ்டாண்டு போட்டுக் காட்டுங்க. விழுந்தா வண்டி இன்னொருத்தருக்கு. நீங்க இங்கேயே ஊசி போடுங்க" என்றார் அவர்.

முக்கால் முதலில் ஷூவுக்கு அடியில் இரண்டு அடுக்கு ரப்பர் ஒட்டிப் பார்த்தாள். கால் எட்டியது. ஆனால் பிரேக் எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அண்ணியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அண்ணி வளர்த்தி. வாய் அதைவிட வளர்த்தி.

"ஏணியை விட்டு இறங்கு முதல்ல" என்றாள் அண்ணி, ஷூவைப் பார்த்து.

"சீட்டுப் பஞ்சை வெட்டிடலாமா அண்ணி?"

"வெட்டலாமே. மலை ரோட்டுல போயிட்டு வந்து ஒரு வாரம் குப்புறப் படுத்துக்க."

அண்ணி வண்டியைத் தாங்கியில் ஏற்றிப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்தினாள். ஷாக் அப்சார்பருக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, விரல் நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள்.

"இதுக்கு எங்க பாஷையில எலும்புன்னு பேரு. இதைத்தான் மாத்தப் போறேன்."

புது எலும்பைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்த முக்காலுக்குத் திக்கென்றது. புதியது ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது.

"அண்ணி, இது நீளமா இருக்கே. எலும்பு நீண்டா உயரமாத்தானே ஆகும்? எனக்குக் குட்டையாக்கணும்."

"நர்ஸ் படிப்பையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வா. மனுஷனுக்கு நீண்டா உயரம். இவனுக்கு நீண்டா சக்கரம் மேலே ஏறும், இவன் குனிவான்."

போல்ட்டை முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கினாள். முக்கால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவு பெரிய வண்டி, யாரும் அமுக்காமலே, பின்பக்கமாக மெல்லத் தாழ்ந்தது. கீழே நகக்கண் அளவு, மேலே சீட்டில் இரண்டு விரல் அளவு. எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் அவள். அப்போதுதான் பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போலவே இதையும் பார்த்தாள்.

"ஆனா தலையைத் தூக்கிட்டு நிக்குதே அண்ணி. இப்படியே போனா திரும்புமா?"

"திரும்பாது. முறைக்கும்" என்ற அண்ணி, முன்பக்கக் கிளாம்புகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சற்றே மேலே வழுக்கிவிட்டு முடுக்கினாள். முன்பக்கமும் தாழ்ந்தது. அண்ணி தானே ஏறிக் குதித்து, சக்கரம் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டாள். "இப்ப நீ ஏறு."

முக்கால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அவள் பாரத்துக்கு ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. கட்டைவிரல் தொட்டது. பாதம் தொட்டது. பிறகு, வண்டி மேலிருந்து அவள் ஒருநாளும் அறியாத ஒன்று: குதிகால் தொட்டது. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி உள்ளங்கால் முழுக்க ஏறியது.

"அண்ணி, தரை" என்றாள்.

"ஆமா, அது அங்கேயேதான் இருந்துச்சு. நீதான் எட்டிப் பார்க்கலை."

இரவு வண்டி மறுபடி தாங்கியில் நின்றது. காலையில் அண்ணி பின்னால் உட்கார்ந்து வர, முக்கால் கிளம்பினாள். அண்ணியைச் சுகாதார நிலைய வாசலில் இறக்கிவிட்டு, மேட்டில் வண்டியை நிறுத்தினாள். குதிகால் ஊன்றியது. எடுத்தாள். குலுங்காமல் ஏறியது. மேற்பார்வையாளர் தலையாட்டினார். உள்ளே வந்து, உட்கார்ந்தபடியே ஸ்டாண்டைத் தட்டி, இடது பக்கம் சாய்த்தாள்.

வண்டி சாயவில்லை. குனிந்த வண்டிக்குப் பழைய ஸ்டாண்டு நெடிதாகிவிட்டிருந்தது. விறைத்து நின்ற வண்டி, மெல்ல வலப்பக்கம் சரியத் தொடங்கியது. வாசலில் அண்ணி தலையில் கை வைத்தாள்.

முக்கால் வலது காலை ஊன்றினாள். ஒட்டகம் முழுவதும் அவள் குதிகாலில் வந்து இறங்கியது. நின்றது. இரண்டு முறை அவளைத் தள்ளிவிட்ட அதே பாரம், தூக்கக் கலக்கத்தில் தோளில் சாயும் பிள்ளையைப் போல இருந்தது.

"சரி, வண்டி உங்களுக்கே. இறங்கி வாங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன் சார். இறங்க மனசு வரலை."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அண்ணி ஓடி வந்து மறுபக்கம் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஸ்டாண்டை வெட்ட மறந்தே போச்சுடி. நான் பிடிச்சுக்கிறேன், இறங்கு."

முக்கால் இறங்கவில்லை. குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட சொன்னது பொய் இல்ல அண்ணி."